மிளகாய் வேரில் தக்காளி

என் வீட்டுக்காரரை அவர் வேலை பார்க்கும் அச்சகத்தில் 'விஞ்ஞானி' என்று கூப்பிடுவார்கள். கிண்டல்தான். இவருக்கு மட்டும் அது பட்டம் வாங்கிய மாதிரி.

நான் நாற்றுப் பண்ணையில் ஒட்டுக் கட்டுகிறவள். கத்தரி வேரின்மேல் தக்காளித் தண்டை வைத்து, கிளிப் மாட்டி, ஈரக் கூண்டுக்குள் அடுக்குவது என் பிழைப்பு. அது ஒட்டும். மிளகாய் வேரில் தக்காளி ஒட்டாது. இதை இவரிடம் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துப்போனது.

"ரெண்டும் ஒரே குடும்பம்னு நீதானே சொன்னே?"

"ஒரே குடும்பம்னா ஒட்டிக்கணுமா? நீங்களும் உங்க அண்ணனும் பேசி எத்தனை வருஷமாச்சு?"

கேட்டால்தானே. ஒரே செடியில் மிளகாயும் தக்காளியும். பால்கனி உள்ள வீட்டுக்கெல்லாம் விற்கலாம். அச்சகத்துக்கு ஒரு கும்பிடு போடலாம் என்று அவருக்குக் கனவு. நச்சரிப்பு தாங்காமல் ஒன்று கட்டிக் கொடுத்தேன். மிளகாயில் ஒரு கிளையை விட்டுவைத்து, பக்கத்தில் தக்காளியை ஒட்டினேன். வாடட்டும், ஆசை தீரட்டும் என்றுதான்.

வாடவில்லை. தழைத்தது, பூத்தது, காயும் பிடித்தது.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுப் பால்கனிக்கு ஓடுவேன். பண்ணையில் விரல் பாட்டுக்கு வேலை செய்யும், மனசு வீட்டுத் தொட்டியில் கிடக்கும். சேராத ஒட்டு மேலுக்குச் சேர்ந்த மாதிரி கொஞ்ச காலம் ஏமாற்றும். தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரே வழி, ஒட்டை வளைத்துப் பார்ப்பது. சேர்ந்திருந்தால் தண்டு வேறெங்காவது ஒடியும். சேராதது ஒட்டிலேயே சாக்பீஸ் மாதிரி இரண்டாகும். எப்படியும் செடி போச்சு. பண்ணையில் ஒரு நாற்றுத் தட்டுக்கு ஒன்றை ஒடித்துப் பார்ப்போம். இங்கே இருந்ததே ஒன்றுதான்.

உண்மையைச் சொன்னால், அது ஒட்டியிருக்கக் கூடாதா என்று எனக்கும் ஆசை வந்துவிட்டது. அந்த ஆசைதான் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு வேலைய விட்டுடலாம்னு இருக்கேன்."

அவர் குளிக்கப் போனதும் பால்கனிக்குப் போய்த் தண்டைப் பிடித்தேன். வளைக்க ஒட்டைத் தேடினால், ஒட்டையே காணோம். இத்தனை நாளும் இலையையும் காயையும் பார்த்தேனே தவிர, அடியைப் பார்க்கவில்லை. மண்ணுக்கு மேலே நான் கட்டியது இப்போது மண்ணுக்குள் இருந்தது. விரலால் தோண்டினேன். தக்காளித் தண்டிலிருந்தே வெள்ளை வெள்ளையாக வேர்கள் மண்ணுக்குள் இறங்கியிருந்தன. அதற்குக் கீழே ஒட்டு, லேசாகத் தொட்டதுமே கழன்று வந்தது. வெட்டு முகம் இரண்டும் காய்ந்து பழுப்பேறியிருந்தன. அது ஒரு நாளும் சேரவே இல்லை.

ஈரத் தலையோடு வந்து நின்றார்.

"யார் இதுல மண்ணு போட்டது?" என்றேன்.

"நான்தான். வெட்டுன எடம் வெளிய தெரிஞ்சுதா, பாவமா இருந்துச்சு. உரம் கலந்து கழுத்து வரைக்கும் அணைச்சு விட்டேன்."

ஒட்டை மண்ணால் மூடினால் மேல்தண்டு தனியாக வேர் விட்டுவிடும். பண்ணையில் யாருக்கும் இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. இவருக்குத்தான் நான் சொல்லவே இல்லை.

"ரெண்டும் உயிரோடதானே இருக்கு?" என்றார்.

"இருக்கு. தனித்தனியா. ஒரே தொட்டியில ரெண்டு செடி, அவ்வளவுதான். இதை யார் வாங்குவா?"

அவர் கீழே குனிந்து, கழன்ற இடத்தை விரலால் தடவினார்.

"நாளைக்கு அங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க. வேலை இருக்கட்டும்" என்றேன்.

அவர் நிமிரவில்லை.

"போன வாரமே சொல்லிட்டு வந்துட்டேன்."

"அப்போ தினமும் டிபன் பாக்ஸ எடுத்துக்கிட்டு எங்க போனீங்க?"

"பஸ் ஏறுவேன். கடைசி ஸ்டாப் வரைக்கும் போய், சாயங்காலம் வரை அங்கயே உக்காந்துட்டு, அதே பஸ்ல திரும்பி வருவேன்."

வந்த ஆத்திரத்துக்குத் தொட்டியைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ செடிய ஒடிச்சுப் பாத்துடுவேன்னு பயந்தேன்" என்றார்.