பாலாம்பிகைக்கு வீணை தெரியாது

1

இந்தக் கதை பிழை திருத்துவதில் தொடங்கியது. அம்மம்மாவின் முப்பத்தோராம் நாளன்று மண்டபத்தில் கொடுப்பதற்கான நினைவு மலரை ஞானேஸ்வரன் மாமா எனக்கு அனுப்பி, எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னார். நாலாம் பக்கத்தில் 'வீணை மீட்டுவதில் வல்லவர்' என்று இருந்தது.

அம்மம்மா வீணையைத் தொட்டதே இல்லை.

"மாமா, இது ஆரின்ரை வீணை?"

"அது என்ரை சிநேகிதன் ஜம்புநாதன்ரை தாயின்ரை மலர். பேருகளை மட்டும் மாத்தினனான். வீணையை விட்டிட்டன் போல." கொஞ்சம் யோசித்தார். "இருக்கட்டுமன். ஆர் கேக்கப் போகினம்? வாசிச்சா நல்லாத்தானே இருக்கு."

"நான் எழுதித் தாறன்."

"நீயோ?" நாலு பேர் இருக்கும் அறையில் நான் வாய் திறப்பதில்லை. அதனால்தான் அந்தக் கேள்வி. "நாளைக்கு அஞ்சு மணிக்கு அச்சகத்துக்குக் குடுக்கவேணும். விளையாட்டில்லை."

(கட்டிலுக்கடியில் எழுதி நிரப்பிய பதினான்கு கொப்பிகள் என்னிடம் இருப்பது மாமாவுக்குத் தெரியாது. உங்களுக்கு இப்போது தெரியும்.)

2

முதல் தொடக்கம்: 'சாவகச்சேரியைப் பிறப்பிடமாகவும் இலண்டன் மிச்சமை வசிப்பிடமாகவும் கொண்ட திருமதி பாலாம்பிகை பத்மநாதன்...' இறந்த எவருக்கும் இது பொருந்தும். வெட்டினேன்.

இரண்டாவது: 'அம்மம்மா ஓர் அன்புக் கடல்...' கடலென்றால் அவருக்குப் பயம். இதையும் வெட்டினேன்.

மூன்றாவது: 'அறுபத்தொரு வயதில் என் அம்மம்மா இலண்டன் பஸ்களை நிறுத்தத் தொடங்கினார்.'

இது இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளை வீதியைக் கடக்கவைக்கும் வேலை அது. கவுன்சில் அவருக்கு மஞ்சள் கோட்டும், 'நில்' என்று ஆங்கிலத்தில் எழுதிய வட்டம் பூட்டிய நீளத் தடியும் கொடுத்தது. சேலைக்கு மேல் அந்தக் கோட்டைப் போட்டுக்கொள்வார்.*

அவருக்கு இருபது ஆங்கிலச் சொல் தெரிந்திருக்கும். லொறிக்காரன் கத்தினால், "கொஞ்சம் பொறு ராசா, பிள்ளையள் போகட்டும்" என்பார். லொறி பொறுக்கும். பதினொரு வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழவில்லை.

* பனி கொட்டினாலும் சேலைதான். உள்ளே அம்மப்பாவின் காற்சட்டை. இதை மலரில் போடலாமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

3

[இந்தப் பகுதியை இரண்டு தடவை எழுதாமல் தாண்டிப் பார்த்தேன். தாண்டினால் மற்றவை பொய்யாகத் தெரிகின்றன.]

அப்போது எனக்குப் பதினாறு வயது. ஊரிலிருந்து வந்து நாலு வருடமாகியும் வகுப்பில் என் குரலை யாரும் கேட்டதில்லை. ஒரு காலை, பள்ளிக்கு எதிர்ப்புற நடைபாதையில் என் கால்கள் நின்றுவிட்டன. அம்மம்மா நடுவீதிக்குப் போய் இரண்டு பக்கமும் மறித்தார். எல்லாப் பிள்ளைகளும் கடந்தார்கள். நான் கடக்கவில்லை. அவர் தடியை இறக்கவும் இல்லை. ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. பின்னால் இன்னொன்று. அப்போது அவர் முகம்

அந்த முகத்தை எனக்கு எழுத வரவில்லை.

கடைசியில் என்னிடம் திரும்பி வந்தார்.

"ஏலாதோ பிள்ளை?"

"ஏலாது அம்மம்மா."

"சரி. அதுக்கென்ன. நாளைக்கும் மறிப்பன்."

மறித்தார். பதினேழு காலைகள், எல்லோரும் போன பிறகு எனக்காக ஒரு தடவை. நான் அசையாவிட்டால் பஸ் தரிப்பிடத்தில் இருத்திவிட்டு, வேலை முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப்போவார். பதினெட்டாம் நாள் நான் வீட்டைவிட்டு வெளிக்கிடவில்லை. அவர் கோட்டை மாட்டிக்கொண்டு தனியாகப் போனார். அன்றும் சரி, பிறகும் சரி, ஒரு சொல் குறை சொல்லவில்லை.

4

இன்று மதியம் மாமாவும் அம்மாவும் வாசித்தார்கள்.

"நல்லா எழுதியிருக்கிறாய், உண்மையா. ஆனா அந்த மூண்டாவதை எடு" என்றார் மாமா.

காரணம் எனக்குத் தெரியும். பதினாறு வயதோடு பள்ளியை விட்ட நான் சட்டன் கல்லூரியில் கணக்கியல் படித்து முடித்தவள் என்று அம்மா ஏழு வருடமாகச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவருகிறார். மண்டபத்துக்கு இருநூறு பேர் வருவார்கள்.

"இதைப் போட்டா உன்ரை சங்கதி தெரிஞ்சிடும். கொம்மாவைப் பொய்க்காரி எண்டுவினம். பஸ் மறிச்சதோட நிப்பாட்டு. அது பகிடியாயும் இருக்கு, சனம் சிரிக்கும்."

அம்மா மூன்றாம் பகுதியை மறுபடி வாசித்துக்கொண்டிருந்தார்.

"பதினேழு நாளோ? உனக்குக் காய்ச்சல் எண்டெல்லோ அம்மா எனக்குச் சொன்னவ."

நான் தலையாட்டினேன்.

"பொல்லாத மனிசி." அம்மா கொப்பியை மூடி என் மடியில் வைத்தார். "எதை அனுப்பினாலும் நீயே அனுப்பு. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

5

நேரம் நாலு நாற்பது. கணினியில் இரண்டு கோப்புகள் இருக்கின்றன.

சிறியதில் அம்மம்மா பஸ்களை நிறுத்தியவர். அதுவே பெரிய விஷயம். யாருக்கும் வலிக்காது. மற்றதில், கடக்காத ஒருத்திக்காகவும் நிறுத்தியவர். அதை அனுப்பினால் முழுவதையும், மாமாவின் வீணை உட்பட, இந்த வரி வரைக்கும் அனுப்புவேன்.

எதை அனுப்பினேன் என்று நான் எழுதப்போவதில்லை. உங்கள் கையில் இருப்பதைத் திருப்பிப் பாருங்கள். கோடு போட்ட கொப்பி என்றால், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அட்டையில் அம்மம்மாவின் படம் இருந்தால், தலையை நிமிர்த்துங்கள். மண்டப வாசலில் இதைப் பங்கிட்டுக்கொண்டு நிற்பவள் நான்தான். வந்து எதையாவது கேளுங்கள். உடனே பதில் வராது. கொஞ்சம் நில்லுங்கள்.