ஒரே பெயரில் நான்கு ஃபோல்டர்

1

இந்தக் கதை ஒரு பிரிண்டுக்காகக் காத்திருந்தபோது கிடைத்தது. தாராவியில் நெல்லையப்பனின் ஜெராக்ஸ் கடை. எனக்கு வேண்டியது வாடகை ஒப்பந்தத்தின் பன்னிரண்டு பக்கம். அங்கே பேசியவர்களிடம் எழுத அனுமதி கேட்கவில்லை. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: “மேகத்தில் சேமித்து வைத்தவை ஒரு நாள்…” வேண்டாம். மேகம் என்று எழுதினால் அடுத்த வரியில் மழை வந்து நிற்கும்.

இரண்டாவது: “அந்தச் சந்தின் நூறு வீடுகளுக்கும் ஒரே ஈமெயில்தான்.” இது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. யார் காகிதம் கொண்டுவந்தாலும் நெல்லையப்பன் ஸ்கேன் செய்து, இணையத்தில் தன் சொந்தக் கணக்கில் போட்டுவைப்பார். வீட்டுக்கு ஒரு ஃபோல்டர். பெயர் அவர் இஷ்டம்: ‘குழாய்ப் பக்கம்’, ‘பெல்ட் கம்பெனி மாடி’, ‘நெட்டை சங்கரேஸ்வரி’.

போன மாதம் கணக்கில் இடம் தீர்ந்தது. எல்லாவற்றையும் கடைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொண்டு, இணையத்தில் இருந்ததை அழித்தார்.

(இங்கே ஒரு விளக்கம் தவிர்க்க முடியாதது. நிறைய கோப்புகளை மொத்தமாக இறக்கினால் சில கட்டுகளாகப் பிரிந்து வரும். இங்கே நான்கு. ஒரே வீட்டின் ஃபோல்டர் நான்கிலும் அதே பெயரில் இருந்தது. உள்ளே தாள்கள் வேறு வேறு. நெல்லையப்பன் பெயரை மட்டும் பார்த்தார். ஒரே சாமான் நாலு தடவை இறங்கிவிட்டதென்று ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றை அடியோடு அழித்தார்.)

3

சங்கரேஸ்வரி தோல்பைகளுக்கு உள்துணி தைப்பவர். அவருக்கு வேண்டியது 1999-ஆம் ஆண்டின் ஒரு கரண்ட் பில். அசல் வெள்ளத்தில் போய்விட்டது. வியாழக்கிழமை சர்வேக்காரர்கள் வருகிறார்கள். இரண்டாயிரத்துக்கு முன்பே அங்கே இருந்ததற்குத் தாள் காட்டாவிட்டால், இடிக்கப்போகும் வீட்டுக்கு மாற்று வீடு கிடையாது.

முதல் வரைவில் அவரை அழவைத்திருந்தேன். அவர் அழவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நெட்டைன்னா போட்டு வச்சிருக்கீரு அண்ணாச்சி?”

“ரெண்டு சங்கரேஸ்வரி இருக்கீகள்லா, யக்கா. அடையாளத்துக்கு.”

“அடையாளமெல்லாம் ஜோராத்தான் இருக்கு. பில்லு எங்க?”

ஃபோல்டரில் ரேஷன் கார்டும் ஒரு தடுப்பூசி அட்டையும் மட்டும் இருந்தன. நெல்லையப்பன் மூடினார், திறந்தார், மறுபடியும் மூடினார்.

“நாலும் ஒண்ணுதான்னு நெனச்சுட்டேன்க்கா.”

“ஒம்ம மவ கல்யாண வீடியோ மட்டும் பத்திரமா இருக்கும், என்ன?”

“அது தனியா பென்டிரைவ்ல…” என்று தொடங்கியவர் ஃபோல்டரை இன்னொரு தடவை திறந்தார்.

4

கணினி தெரிந்த ஒருவர் இந்த நேரத்தில் கடைக்குள் வந்தால் வாசகர் நம்பமாட்டார். ஆனால் அவர் ஏற்கெனவே கடையில் நின்றுகொண்டிருந்தார். நான்தான்.

இணையத்தில் அழித்தவை அங்கேயே குப்பைத்தொட்டியில் முப்பது நாள் கிடக்கும் என்றேன். “என்னைக்கு அழிச்சீங்க?”

“கணபதி விசர்ஜன் அன்னைக்கு. கிராக்கியே இல்ல. இல்ல சார், மறுநாளோ.”

பிள்ளையாரைக் கடலில் கரைத்த விசர்ஜன் அன்று என்றால் கெடு நேற்றோடு முடிந்தது. மறுநாள் என்றால் இன்று கடைசி. அழித்த கையோடு அவர் கணக்கை விட்டு வெளியே வந்திருந்தார். திரும்ப நுழையக் கடவுச்சொல் தாணேயில் இருக்கும் அவர் மகளுக்குத்தான் தெரியும். அவள் போனை எடுக்கவில்லை.

“அடிச்சுக்கிட்டே இரும்,” என்றார் சங்கரேஸ்வரி.

5

மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) மகள் போனை எடுக்கிறாள். தொட்டியில் பில் கிடக்கிறது. (வசதியான முடிவு. யாருக்கு என்று கேட்டால், எனக்கு.)

ஆ) தொட்டி காலி. வியாழக்கிழமை நெல்லையப்பன் சர்வேக்காரர்கள் முன்னால் சாட்சி சொல்கிறார். (அவர்கள் தாள் கேட்பார்கள், ஆள் கேட்கமாட்டார்கள்.)

இ) நடந்தது. என் பன்னிரண்டு பக்கம் வந்துவிட்டது. டோம்பிவிலி போகும் ரயிலுக்கு நேரமாகியிருந்தது. கிளம்பியபோது சங்கரேஸ்வரி என்னைப் பார்த்து, “இருக்குமா சார்?” என்று கேட்டார்.

“இருக்கும்,” என்றேன்.

அந்த வியாழக்கிழமை போய் ஒன்பது நாள் ஆகிறது. அந்தக் கடைக்கு நான் திரும்பப் போகவில்லை. இந்தக் கதையில் ஒன்றும் தெரியாமல் நான் இட்டுக்கட்டிய ஒரே வாக்கியம் அந்த “இருக்கும்”தான். மற்றதையெல்லாம் பல தடவை திருத்திவிட்டேன். அதை அடிப்பதா வைப்பதா என்பது, சங்கரேஸ்வரி கையில் அந்தத் தாளைப் பார்த்தவர்களோ பார்க்காதவர்களோ சொல்லவேண்டியது. உங்களில் யாராவது அந்தப் பக்கம் போனால் கேட்டுச் சொல்லுங்கள்.