மூன்று விநாடி மிச்சம்

"குதிச்சிருவ. நீ குதிக்காம இருந்ததே கிடையாது."

"இன்னிக்கு இல்ல."

"ஏழு தடவையும் இதையேதான் சொன்ன, தோபிதா."

"ஏழு தடவையும் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன், கட்சுமாதா-சான். வாய் திறந்து சொல்றது இதுதான் முதல் தடவை."

"அப்ப மூச்சும் வீணாப் போகப்போகுது."

இந்தப் பேச்சு நடந்தபோது விளையாட்டுத் திரையின் உச்சியிலிருந்த கடிகாரம் மூன்று என்று காட்டியது. அன்றிலிருந்து பதினான்கு வருடங்களாக அது மூன்றுதான் காட்டுகிறது. நுமாசு துறைமுகத்துக்குப் போகும் சாலையில், சாவிக்கடைக்கு அடுத்து மொச்சிசுகி அம்மாள் நடத்தும் கேம் சென்டரில், வாசலிலிருந்து நான்காவது மேசையில் இப்போதும் அதைப் பார்க்கலாம். உள்ளே போகக் கட்டணம் கிடையாது. குடையை மட்டும் வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும்.

தோபிதா சுமியேவுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. விடிவதற்கு முன்பே எழுந்து, கருவாட்டு முற்றத்தில் மீன்களை வயிற்றுப்பக்கம் பிளந்து உப்புத்தண்ணீரில் போடுவது அவள் வேலை. கட்சுமாதா முடிதிருத்துபவர், அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். மொச்சிசுகி அம்மாள் வருடம்தோறும் வசந்தத்தில் நடத்தும் 'எட்டு மலை வீரர்கள்' என்னும் சண்டை விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இவர்கள் இருவரும் ஏழு முறை மோதியிருந்தார்கள். ஏழு முறையும் கட்சுமாதாதான் ஜெயித்தார், ஏழு முறையும் ஒரே விதமாக. சுமியே ஆடுவது சாகி என்னும் நீல உடைக்காரியை வைத்து. அவளைப் போல உயரம் குதிக்கும் வீரர் அந்த விளையாட்டிலேயே இல்லை. கட்சுமாதாவுடையவர் கோஞ்சோ என்னும் தடித்த துறவி. கோஞ்சோ எதுவும் செய்யமாட்டார். குந்தியபடி தடுத்துக்கொண்டே இருப்பார். கடைசி விநாடிகளில், மிச்சமுள்ள பலத்தைக் காட்டும் உயிர்க்கோடு இருவருக்கும் சமமாக நிற்கும்போது, சுமியேவால் பொறுக்க முடியாது; சாகி குதிப்பாள். துறவியின் உள்ளங்கை கீழிருந்து மேலே எழும்பும். அவ்வளவுதான். கோப்பை என்பது கஞ்சிக் கிண்ணம் போன்ற ஒரு தகரச் சாமான், அதைப் பற்றி சுமியே ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. ஆனால் நான்காவது தோல்விக்குப் பிறகு துறைமுகம் முழுக்க அவளை வெட்டுக்கிளி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். மீன் ஏலக்காரர், தபால்காரி, அவள் தங்கையின் மாமியார் உட்பட. எட்டாவது முறை அவள் வந்தது அந்தப் பெயரை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டுப் போவதற்காக.

கோஞ்சோவும் சாகியும் ஆளுக்கொரு சுற்று ஜெயித்து, மூன்றாவது சுற்றில் மூன்று விநாடி மிச்சமிருக்க, இரண்டு உயிர்க்கோடுகளும் மயிரிழை பிசகாமல் சமமாக இருந்தன. சுவரில் மொச்சிசுகி அம்மாள் தன் கையால் எழுதி ஒட்டியிருந்த விதிகளில் ஐந்தாவது, நேரம் முடியும்போது சமநிலை என்றால் இருவருக்குமே தோல்வி, கோப்பை மூன்றாம் இடத்துக்குப் போகும் என்றது. மூன்றாம் இடத்தில் மிஷிமாவைச் சேர்ந்த ஒரு பல்மருத்துவ மாணவன், கோட்டு மாட்டிக்கொண்டு கதவருகே தயாராக நின்றிருந்தான். ஆக நேரம் முடிவதை இருவருமே அனுமதிக்க முடியாது. முதலில் பாய்வது அடிவாங்குவதற்குச் சமம், அதனால் இருவருமே பாயவும் முடியாது. இப்படி ஒரு நிலையில் கடிகாரத்துக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போயிற்று. அது நின்றது.

ஏழு மணிக்கு மொச்சிசுகி அம்மாள் கதவை அடைக்க வேண்டியிருந்தது. இயந்திரத்தை அணைக்கவில்லை; நடக்கும் ஆட்டத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்பது முதல் விதி. மறுநாள் மாலை நான்கு மணிக்கு இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். அதற்கு மறுநாளும். அப்படியே அது வழக்கமாயிற்று: தினமும் நான்கிலிருந்து ஏழு வரை, முடிதிருத்தகங்களுக்கு விடுமுறையான திங்கட்கிழமையில் மட்டும் காலையிலிருந்தே. இரண்டு இயந்திரங்கள் முதுகோடு முதுகாக ஒட்டி நிற்பதால் ஆடுபவர் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை. பதினான்கு வருடம் ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தும், அந்த மூன்று மணிநேரத்தில் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. சாலையில் எதிர்ப்பட்டால் குனிந்து வணங்கிவிட்டு வானிலையைப் பற்றிப் பேசுவார்கள்.

இரண்டாவது வருடம் டோக்கியோவிலிருந்து போட்டி நடுவர் ஒருவர் நிறுத்துக்கடிகாரத்துடன் வந்தார். நான்காவது மேசைக்கு அருகில் வந்ததும் அவர் கடிகாரமும் நின்றது. சாலைக்குப் போய்ப் பார்த்தார், ஓடியது. உள்ளே வந்தார், நின்றது. ஆட்டம் விதிப்படியே நடக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு கட்டு அயிலைக் கருவாடு வாங்கிக்கொண்டு ரயிலேறினார். அதே வருடம் திரையில் பின்னணியாக வரைந்திருந்த செர்ரி மரம் பூத்தது. ஊரில் பூப்பதற்குச் சரியாக ஆறு நாள் முன்னால். மழையும் அப்படித்தான். சாகிக்குப் பின்னால் இருக்கும் மலையில் மேகம் இறங்கினால் ஒரு மணிநேரத்தில் நுமாசுவில் மழை. கருவாட்டு முற்றக்காரர்கள் வானொலி கேட்பதை விட்டுவிட்டு, மதியம் ஆள் அனுப்பி திரையைப் பார்த்துவரச் சொன்னார்கள். மீன் உலர்த்தும் தட்டிகளை உள்ளே எடுப்பதா வேண்டாமா என்பது அதன்படி முடிவாயிற்று. சுமியேவுக்குக் கல்யாணம் ஆயிற்று, இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். அந்த வசந்தத்தில் மட்டும் ஒன்பது வாரம் சாகி தனியாக நின்றாள், கோஞ்சோ அவளைத் தொடவில்லை. கட்சுமாதாவுக்கு மூக்குக்கண்ணாடி வந்தது. துறவியின் தாடியில் நரை தட்டியது. யாரும் அதை வரைந்ததாகத் தெரியவில்லை.

சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. சாகியின் தாழ்ந்த உதை எட்டும் தூரத்துக்கு ஒரு விரற்கடை வெளியே கோஞ்சோ இருப்பார். அவள் அரை எட்டு வைத்தால் அவர் அரை எட்டுப் பின்வாங்குவார். குதிக்கப்போவது போல முழங்காலை மடக்கிக் காட்டி, அவரை வெறுங்காற்றில் உள்ளங்கையை வீச வைக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. வீசிவிட்டால் அவர் ஒரு கணம் திறந்து கிடப்பார். ஐந்தாவது வருடம் ஒரு திங்கட்கிழமை அவள் தொடர்ந்து பதினோரு முறை முழங்காலை மடக்கினாள். பதினோராவதில் துறவியின் தோள் நெல்லளவு உயர்ந்து, உயர்ந்த வேகத்திலேயே இறங்கியது. அதைப் பற்றி மீன் சந்தையில் ஒரு மாதம் பேசினார்கள்.

"பார்த்தேன், கட்சுமாதா-சான்."

"கொசு கடிச்சுது."

"குளிர்காலத்துலயா?"

"முடிவெட்டுற கடையில வருஷம் பூரா கொசு இருக்கும். நீ குதிக்கிற வேலையைப் பாரு."

இப்படி அவள் அவரைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். துறவி வந்தவுடன் இரண்டு முறை படக்படக்கென்று குந்தி எழுந்தால் கடையில் நல்ல கூட்டம். பின்வாங்கும் எட்டு இழுத்தாற்போல வந்தால் வீட்டில் சண்டை. ஒன்பதாவது வருடம் அக்டோபரில் ஒருநாள் நான்கு மணிக்கு உட்கார்ந்தவள், துறவி வந்தவுடன் வழக்கமாகக் குந்தி எழும் வணக்கத்தைச் செய்யவில்லை என்பதைக் கவனித்தாள். அரை எட்டு வைத்தாள். துறவி பின்வாங்கவில்லை. குந்திக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரத்தில் தளர்ந்து எழுந்து நின்றார், பிறகு திடுக்கிட்டு மறுபடி குந்தினார். நின்றுகொண்டு தடுப்பவரைத் தாழ்ந்த உதை தடையில்லாமல் தாக்கும் என்பது அந்த விளையாட்டில் முதல் நாளே தெரிந்துகொள்ளும் பாடம். பின்னால் நின்ற மொச்சிசுகி அம்மாளின் கையிலிருந்த சாவிக்கொத்து குலுங்கியது.

"அடி, வெட்டுக்கிளி! ஒரே உதை! எழுந்து நிக்கிறான் பாரு, அடி!"

"அது கட்சுமாதா-சான் இல்ல," என்றாள் சுமியே. பிறகு இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி, "யாருங்க அது?" என்றாள்.

ஒரு பெண்குரல் வந்தது. "நான்தான் ஹருயோ. அவர் சம்சாரம். அவருக்குக் குடல்வால் ஆபரேஷன். லீவரை கீழ்ப்பக்கமா பின்னாடி இழுத்துப் பிடி, வேற எதையும் தொடாதேன்னு சொல்லிட்டு ஸ்ட்ரெச்சர்ல படுத்தாரு. மணிக்கட்டு விட்டுப்போச்சும்மா."

"வலிச்சா கையை எடுத்துருங்க. நான் அடிக்க மாட்டேன்."

"எடுத்தேன்னு தெரிஞ்சா தையல் பிரியக் கத்துவாரு."

பதினோரு நாள் ஹருயோ வந்தாள். பதினோரு நாளும் துறவி நின்றார், குந்தினார், ஒருமுறை தவறுதலாகத் திரும்பி முதுகைக்கூடக் காட்டினார். சாகி இரண்டு எட்டுத் தள்ளி நின்று காத்திருந்தாள். வேடிக்கை பார்த்தவர்கள் முதல் இரண்டு நாள் கத்தினார்கள். மூன்றாம் நாள் மிஷிமாவிலிருந்து வந்திருந்த மூன்றாம் இடக்காரன், இப்போது சொந்தமாக மருத்துவமனை வைத்திருப்பவன், இது தனக்கே தாங்கவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றான். பெண்கள் இருவரும் இயந்திரத்தின் மேலாகப் பேசிக்கொண்டார்கள். பள்ளிக்கூடம், முட்டை விலை, இடுப்பு வலி. ஒருநாள் ஹருயோ சொன்னாள்:

"உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? தூக்கத்துலயும் அவர் கை அப்படியே மேல எழும்பும். நீ குதிக்கிறதா கனவு வருதாம். என் தாடை ரெண்டு தடவை வாங்கிருச்சு."

சுமியே சிரித்தாள். இரவு மீன் பிளக்கும் கத்தியைத் தீட்டும்போது அதை நினைத்து மறுபடி சிரித்தாள்.

பன்னிரண்டாம் நாள் துறவி இரண்டு முறை படக்படக்கென்று குந்தி எழுந்தார்.

"ஏன் அடிக்கல?" என்றார் கட்சுமாதா. குரல் மெலிந்திருந்தது. "ஹருயோ எல்லாம் சொன்னா. முதுகையே காட்டியிருக்கா. நானா இருந்தா அடிச்சிருப்பேன்."

"நீங்க அடிச்சிருக்க மாட்டீங்க. உங்களுக்கு முதல்ல அடிச்சே பழக்கமில்ல." சாகியை மறுபடி பழைய தூரத்துக்குக் கொண்டுவந்தபடி அவள் சொன்னாள்: "ஏழு தடவை என்னை விழவச்சது நீங்க. ஹருயோ-சானை அடிச்சு எனக்கு என்ன ஆகப்போகுது?"

அதன் பிறகு கட்சுமாதா கேலி பேசுவது குறைந்தது. எந்த நாள் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் பதினோராவது வருடத்துக்கும் பன்னிரண்டாவதற்கும் நடுவில் எங்கோ வெட்டுக்கிளி என்ற பெயர் ஊரிலிருந்து போய்விட்டது. ஏலக்காரர் அவளை மரியாதையாகத் தோபிதா-சான் என்று கூப்பிட்டார். அவளுடைய இரட்டைப் பெண்கள், வெட்டுக்கிளி என்பது முன்பு அந்தத் துறைமுகத்தில் இருந்த வேறு யாரோ ஒருத்தி என்று நினைத்திருந்தார்கள், அவள் திருத்தவில்லை. அவள் முழங்காலை மடக்கிக் காட்டுவதையும் நிறுத்திவிட்டாள். இப்போது நின்றாலே போதுமாயிருந்தது. சாகி நிற்பாள், மலையில் மேகம் வரும், முற்றத்து ஆள் வந்து பார்த்துவிட்டுத் தட்டிகளை எடுக்க ஓடுவார். மொச்சிசுகி அம்மாள் திரையைத் துடைக்கும்போது அந்த மூன்றை மட்டும் தனியாக, மெல்லிய துணியால் துடைப்பார். பக்கத்து மேசைகளில் விளையாட்டுகள் மாறின, புது இயந்திரங்கள் வந்தன, அவற்றில் கடிகாரங்கள் ஓடின. யாருக்கும் அதில் குறையொன்றுமில்லை.

இந்த வருடம் மே மாதம், ஒரு திங்கட்கிழமை, மழை வரப்போவதாகத் திரை காட்டிக்கொண்டிருந்தது. நான்கு மணி இருபது நிமிடம் இருக்கும். பதினான்கு வருடத்தில் முதல் முறையாக நரைத்தாடித் துறவி தானாக அரை எட்டு முன்னால் வைத்தார். சாகியின் உதை எட்டும் தூரத்துக்குள் வந்து நின்றார். சுமியே பொத்தான்களின் மேல் விரல்களை வைத்தபடி இருந்தாள். அவள் கைகளில் எப்போதும் போல லேசாக அயிலை வாசம். இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. பிறகு, சாவிக்கொத்துடன் வாசலில் நின்ற மொச்சிசுகி அம்மாளுக்குக் கேட்காதபடி, கட்சுமாதாவின் அடங்கிய குரல் வந்தது.

"ஒரே ஒரு தடவை குதிங்களேன், தோபிதா-சான்."