பத்திலிருந்து நாலு வரை

நாவல் அச்சுக்குப் போக மூன்று நாள் இருக்கும்போது, அதில் வருகிற தாய் தாயே இல்லை என்று தெரிந்தால் எழுதியவளுக்கு எப்படி இருக்கும்? எழுத்தாளருக்கு அன்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அது அவளுக்கு முதல் நாவல். பெயர் 'ஜன்னல் தாய்'. ஒன்றரை வருஷமாகத் தினமும் காலை பத்து மணிக்குப் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நாலு மணிக்குத்தான் வெளியே வருவாள். மேஜைக்கு நேர் எதிரே ஜன்னல். அதற்கு வெளியே, ஏசி வைப்பதற்கென்று கட்டிவிட்டு ஏசியை மட்டும் வாங்காமல் விட்ட ஒரு சிமெண்டுப் பலகை. அதில் நாலைந்து குச்சியைப் போட்டு, அதற்குக் கூடு என்று பேர் பண்ணிக்கொண்டு ஒரு புறா உட்கார்ந்திருக்கும். வலது இறக்கையில் ஒரே ஒரு வெள்ளை இறகு. இவளும் அசையமாட்டாள், அதுவும் அசையாது. ஒரு ஈடு குஞ்சு பறந்து போனால் அடுத்த ஈடு முட்டை வந்துவிடும்.

நாவலின் கதாநாயகியும் எழுதுகிறவள்தான். கைக்குழந்தையைப் பக்கத்து அறையில் விட்டுவிட்டு வந்து எழுதுகிறோமே என்று தினம் தினம் குமைகிறவள். ஜன்னலில் அடைகாக்கும் தாய்ப்புறாதான் அவளுக்குத் தாய்மை என்றால் என்னவென்று காட்டுகிறது. அந்த வெள்ளை இறகைத் தாயின் நரைமுடியாக்கி மூன்று பக்கத்துக்கு வெளுத்து வாங்கியிருந்தாள் நம் எழுத்தாளர். எழுதும்போதே அழுதாள். அழுகை நிஜம்தான். கதாநாயகியின் குமைச்சல் வேறு யாருடையதும் இல்லையே.

மெய்ப்பு திருத்துபவருக்குப் பதிப்பகத்தில் 'முற்றுப்புள்ளி' என்று பட்டப்பெயர். அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனிதர். நாவலில் சந்திப்பிழை எல்லாம் திருத்திவிட்டு, நாற்பத்தோராம் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்: 'பகலில் அடைகாப்பது ஆண் புறா. ஆசிரியர் கவனிக்க.'

அவள் உடனே போன் போட்டாள்.

"சார், நிச்சயமா தெரியுமா?"

"மொட்டைமாடில நாப்பது புறா வளக்கறேன் மேடம். காலைல ஒரு பத்து மணிலேர்ந்து நாலு, நாலரை வரைக்கும் உக்கார்றது அப்பன். அப்புறம் ஆத்தாக்காரி வந்து மாத்திக்கும். ராத்திரி முழுக்க அதோட பொறுப்பு. நீங்க சாயங்காலத்துல பாத்ததே இல்லையா?"

இல்லை. நாலு மணிக்கு மேல்வெயில் முகத்தில் அடிக்கும். ஜன்னலைச் சாத்திவிட்டு எழுந்துவிடுவாள். ஒன்றரை வருஷம் பார்த்துப் பார்த்து எழுதியவள், பார்த்தது பாதியைத்தான்.

பதிப்பாளர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "விடும்மா. படிக்கிறவங்க புறாவோட பிறப்புச் சான்றிதழா கேக்கப்போறாங்க? அட்டை வேற அடிச்சாச்சு. உள்ள எதையும் மாத்தாதே."

"பொய்யா இருக்கே சார்."

"கதைன்னா அப்படித்தான். சரி, கடைசில நாலு பக்கம் காலியா நிக்குது. முன்னாடி சமர்ப்பணப் பக்கமும் இன்னும் முடிவாகல. அந்த அஞ்சு பக்கத்துல என்ன வேணா பண்ணிக்கோ. வெள்ளிக்கிழமை காலைல கைக்கு வந்துடணும்."

போனை வைத்துவிட்டு அவள் புறாவைப் பார்த்தாள். அது இவளை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. எழுதுகிறவர்களுக்கு மழையும் மரமும் பறவையும் கூலி கேட்காத வேலையாட்கள். நாம் அழுதால் மழை பெய்ய வேண்டும், காத்திருந்தால் நிலா தேய வேண்டும். இவளும் தன் மனபாரத்தையெல்லாம் ஒரு பறவையின் முதுகில் ஏற்றிவைத்து, அதற்குத் தாய் வேஷமும் கட்டிவிட்டிருந்தாள். அதுவோ தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அன்று நாலு மணிக்கு அவள் எழுந்திருக்கவில்லை. கதவு திறந்தது. வீட்டுக்காரர் இடுப்பில் குழந்தையோடு நின்றார். அவர் தையல்காரர். இரண்டு தெரு தள்ளிக் கடை. அதன் கதவில் 'மாலை நாலரைக்கு மேல்தான்' என்று சாக்பீசால் எழுதியிருக்கும். பகலில் திறக்காத தையல்கடை ஊரில் அது ஒன்றுதான் என்று வாடிக்கையாளர்கள் அலுத்துக்கொள்வார்கள். வாண்டு அவர் கழுத்திலிருந்த அளவு நாடாவை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"மணி நாலாச்சும்மா. இவள வாங்கிக்கோ, கடை திறக்கணும்."

"ஒரு பத்து நிமிஷம் இருங்களேன்."

கண் கூசக் கூச ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் வந்து பக்கத்தில் நின்றார். கால் மணி நேரம் கழித்துப் படபடவென்று ஒரு புறா வந்து இறங்கியது. இறக்கையில் வெள்ளை இல்லை. உட்கார்ந்திருந்தது மெல்ல எழுந்தது. ஒரு இறக்கையை நீட்டிச் சோம்பல் முறித்தது, பிறகு இன்னொன்றை. பறந்து போய்விட்டது. வந்தது முட்டைகளை மூக்கால் ஒதுக்கிச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தது. அவ்வளவுதான் விஷயம்.

"இன்னிக்குக் கொஞ்சம் லேட்டு," என்றார் அவர்.

அவள் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? கீழ சைக்கிள எடுக்கறப்ப தினமும் பாக்கறேனே. நானும் அந்த வெள்ளை இறகும் ஒரே நேரத்துலதான் கிளம்புவோம்."

"அப்ப ஏங்க சொல்லல?"

"உன் ஜன்னல், உன் புறா. உனக்கே தெரியாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டில் முட்டை ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருக்கவில்லை. பக்கத்து அறையில் வாண்டும்தான். நானூறு பக்கம் குமைந்தவள், சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. கதாநாயகிக்குப் புருஷன் உண்டு. இரண்டாம் அத்தியாயத்தில் வெளியூர் போனவனைத் திரும்ப அழைத்துவரவே மறந்துவிட்டாள்.

மறுநாள் பத்து மணிக்கு அவள் உட்கார்ந்தாள். நாற்பத்தோராம் பக்கத்தைத் தொடவில்லை. தப்பு கதாநாயகியின் தப்பாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கடைசி நாலு பக்கத்தில் கதாநாயகி முதல்முறையாக நாலு மணிக்கு மேலும் ஜன்னலருகே இருக்கிறாள். இரண்டாவது புறா வருகிறது. அவள் எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறாள். மழை பெய்யவில்லை, காற்று வீசவில்லை. எழுதி முடித்தபோது ஒன்றரை வருஷத்து உறுத்தல் போன இடம் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மெய்ப்பு திரும்பியது. ஓரத்தில் ஒரு குறிப்புகூட இல்லை. முற்றுப்புள்ளியிடமிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை.

புத்தகம் வந்த அன்று நாலு மணிக்கு அவள் வெளியே வந்து முதல் பிரதியை அவரிடம் நீட்டினாள். வாண்டைக் கைமாற்றிவிட்டு அவர் புரட்டினார். சமர்ப்பணப் பக்கத்தில் 'பொறுமையைக் கற்றுத் தந்த ஜன்னல் தாய்க்கு' என்று முதலில் இருந்தது அவருக்குத் தெரியும். இப்போது அங்கே வேறு வரி: 'பத்திலிருந்து நாலு வரை உட்கார்ந்திருந்தவருக்கு.'

"புறாவுக்கா?" என்றார்.

"புறா எங்கங்க படிக்கப்போகுது?"

அவர் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். காதோரம் நரைத்திருந்த முடியைத் தடவிக்கொண்டார். "சரி, கடைக்கு நேரமாச்சு," என்றார். ஒரு கையை நீட்டிச் சோம்பல் முறித்தார், பிறகு இன்னொன்றை.

அவள் வாண்டை அணைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று புரியாமலே அவரும் சிரித்துக்கொண்டு படியிறங்கினார்.