ஒன்றுக்கு முன்னால்

ஆறும் எட்டும் எவ்வளவு என்று கேட்டால் முத்துமாரி பதினைந்து என்பாள். பதினாலில் ஆறு போனால் ஏழு என்பாள். கூட்டினால் ஒன்று கூடும், கழித்தால் ஒன்று குறையும். இரண்டு மாதமாக அபயாம்பாள் டீச்சர் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் இது. அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம்தான் பிடிபட்டது. அதுவரை பெண்ணின் விரலையும் புளியங்கொட்டையையுமே பார்த்துக்கொண்டிருந்தவள், அன்றைக்குத் தற்செயலாக அவள் வாயைப் பார்த்தாள். முத்துமாரி முதல் கொட்டையை நகர்த்தி "லாபம்" என்று முணுமுணுத்தாள். அடுத்த கொட்டைக்குத்தான் "ஒண்ணு" வந்தது.

அம்மாக்காரி கெங்கம்மா நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கிறவள். கூறு போடும்போது முதல் மீனை ஒன்று என்று சொல்லமாட்டாள், லாபம் என்பாள், அது சாமி பேருக்கு, அப்புறம் ரெண்டு, மூணு. பள்ளிக்கூடத்திலோ ஒன்றில் தொடங்கச் சொல்கிறார்கள். நாலாம் வகுப்புப் பெண் யாரைப் பகைத்துக்கொள்வாள்? வீட்டுக்கு ஒரு கொட்டை, டீச்சருக்கு ஒரு கொட்டை என்று சமாதானம் செய்துவைத்திருந்தாள்.

சொல்லித் திருத்த அரை நிமிஷம் போதும். அபயாம்பாள் சொல்லவில்லை.

கணக்கு வராத பிள்ளைகளைக் கடைசி மணிக்கப்புறம் ஒரு மணி நேரம் உட்காரவைப்பது அவள் பொறுப்பு. பத்துக் கணக்கும் சரியாகப் போட்டுவிட்டால் மறுநாளிலிருந்து வரவேண்டாம். ஆவணியில் ஐந்து பேர் இருந்தார்கள். நாலு பேர் தேறிப் போய்விட்டார்கள். மிச்சம் முத்துமாரி. எண்ணும்போது டீச்சரின் தோளில் சாய்ந்துகொள்வாள். முதலில் அந்தப் பிசுபிசுத்த தலையும் கடல்வாடையும் அபயாம்பாளுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. மயிலாப்பூர் மாடவீதி மூக்கு அல்லவா. இப்போது மூன்று மணிக்கே அந்தத் தோள் காத்திருக்க ஆரம்பித்துவிடுகிறது. கைப்பையில் அவள் தலையை வார ஒரு சீப்பு வந்து உட்கார்ந்திருந்தது. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம், வேண்டாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை.

"தெனம் ஆத்துக்கு வரச்சே ஆறாயிடறதே, ஒரு பொண்ணுக்காகவா இவ்ளோ?" என்று கணவர் ராஜகோபாலன் கேட்டார்.

"கணக்கு இன்னும் வரலைன்னா" என்றாள் அபயாம்பாள். புருஷனிடம் அவள் சொன்ன பொய்கள் அதிகமில்லை. இது அதில் ஒன்று. செவ்வாயும் புதனும் முத்துமாரியிடம் சொல்லாமலே போயின. பெண்ணைத் தோளில் சாய்த்துக்கொண்டு தப்பு விடைகளைக் கேட்டாள். சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போடும்போது மட்டும் கை கூசியது.

வியாழக்கிழமை கெங்கம்மாவே வந்தாள். காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, படியேறாமல் கீழேயே நின்றாள்.

"டீச்சரம்மா, இதுக்கு ஏறாதுன்னா ஏறாதுன்னு சொல்லிடு. வூட்ல எல்லாம் மக்குன்றாங்க. அரைப் பரீட்சையோட நிறுத்திட்டு என்கூடயே இட்டுக்கினு பூட்றேன்."

முத்துமாரி தலையைக் குனிந்துகொண்டு கொட்டைகளைக் குவித்தாள், கலைத்தாள், மறுபடி குவித்தாள். மக்கு என்ற சொல்லுக்கு அவள் அழவில்லை. பழகியிருந்தது. அதைப் பார்த்ததும் அபயாம்பாளுக்கு உடம்பெல்லாம் அவமானமாக இருந்தது. மூன்று நாள். மூன்று நாள் இந்தக் குழந்தையை மக்காகவே உட்காரவைத்திருந்தோமே என்று நினைத்தாள்.

"கொஞ்சம் இரும்மா" என்று கெங்கம்மாவிடம் சொல்லிவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். முதல் கொட்டையை எடுத்துப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதுக்கு உங்க அம்மா லாபம்னு பேர் வெச்சிருக்கா. நாங்க ஒண்ணுன்னு வெச்சிருக்கோம். ரெண்டும் ஒரே கொட்டைதான். ஒரு பேர் சொன்னா போதும். அடுத்தது ரெண்டு."

முத்துமாரி உள்ளங்கையையே பார்த்தாள்.

"அப்போ சாமிக்கு?"

"சாமிக்கும் அதேதான். அவர் தனியாக் கேக்கமாட்டார்."

அவளாகவே எண்ணினாள். ஆறு வைத்தாள், எட்டு வைத்தாள், சேர்த்தாள். பதினாலு. நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினாள். பதினாலேதான். அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. சாயக்கூட நேரமில்லாமல், முதுகை நிமிர்த்திக்கொண்டு, பத்துக் கணக்கையும் மளமளவென்று போட்டு நோட்டை நீட்டினாள். அபயாம்பாள் பத்து சரிக்குறி போட்டாள். எவ்வளவு மெதுவாகப் போட்டும் பத்தோடு முடிந்துவிட்டது.

"நாளைக்கு வருவியா?" வாய் தவறித்தான் கேட்டாள்.

"இன்னாத்துக்கு டீச்சர்? அதான் வந்துட்ச்சே."

பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அதை அம்மாவின் கூடைக்குள் போட்டாள். கெங்கம்மா கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு பெண்ணின் உச்சந்தலையில் கையை வைத்தாள். இரண்டு பேரும் கச்சேரி ரோட்டில் இறங்கிக் கடல் பக்கம் நடந்தார்கள். சைக்கிள்களுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே முத்துமாரி முதலில் மறைந்தாள், அப்புறம் கெங்கம்மா. கூடை மட்டும் வெகுதூரம் தெரிந்தது, விளிம்புக்கு மேலே பள்ளிக்கூடப் பையின் காது ஆடிக்கொண்டே போயிற்று.