அவங்கம்மா கைப்பக்குவம்

கணவரின் அடக்கம் முடிந்து வந்தவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஓட்டல் வேன் வந்து நின்றது. உதவிச் சமையல்காரர் மூடி போட்ட பெரிய தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினார்.

"இன்னைக்கு விருந்துல மிஞ்சினது, அண்ணி. வெளிநாட்டுக்காரங்க முன்னாடியே பதிவு பண்ணிட்டாங்க, நிறுத்த முடியலன்னு மேனேஜர் சொல்லச் சொன்னாரு. மீனு, தேங்காப்பாலு எல்லாம் நேத்து அண்ணனே பக்குவம் பண்ணி வச்சதுதான்."

அந்த மீனுக்கு மசாலா தடவிவிட்டுக் கை கழுவப் போன இடத்தில்தான் நேற்று அவள் கணவர் சரிந்து விழுந்தார். ஞாயிறுதோறும் காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கி அந்த ஓட்டல் போடும் தீவு விருந்துக்கு அவர்தான் தலைமைச் சமையல்காரர். அதைச் சாப்பிடவென்றே கப்பலில் ஆட்கள் வருவார்கள். இத்தனை வருடத்தில் அவள் அதில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. வீட்டு அடுப்பை அவர் திரும்பிப் பார்த்ததும் இல்லை. அவள் வைப்பதைப் பாதி சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளுவார். "இதை மனுஷன் திம்பானா?" என்பார்.

காலையிலிருந்து யாரும் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தேங்காய்ப்பாலில் மீன், வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு, ஈரப்பலா வறுவல். மீனை வாயில் வைத்த மகள், மெல்லுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

அவளும் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள். தேங்காயை ஓட்டோடு நெருப்பில் வாட்டிப் பிழிந்த பால். கடைசியில் கிள்ளிப் போட்ட எலுமிச்சை இலை. கல்யாணமான புதிதில், கவனப்பிசகாகத் தேங்காய் கருகிப்போன ஒரு நாளில், அவளாகக் கண்டுபிடித்தது.

"எப்படிண்ணே இந்த ருசின்னு யார் கேட்டாலும், எல்லாம் எங்கம்மா கைப்பக்குவம்பாரு," என்றார் உதவிச் சமையல்காரர். "பேப்பர்லகூட அப்படித்தான் வந்துது."

மாமியார் வெந்நீர் வைக்கக்கூட அடுப்படிக்குப் போனதில்லை. சாகும்வரை அந்தம்மாவுக்கும் இவள்தான் பொங்கிப் போட்டாள்.

"அம்மா, இது நீ..." என்று மகள் ஆரம்பித்தாள்.

"பேசாம சாப்பிடு."

உதவிச் சமையல்காரர் கவலையோடு தட்டைப் பார்த்தார். "அடுத்த ஞாயிறு என்ன பண்ணப் போறோம்னே தெரியல, அண்ணி. பால்ல என்னமோ பண்ணுவாரு, எங்க யாரையும் கிட்ட விட்டதில்ல. உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருக்காரா?"

"அவங்கம்மா போய்ச் சேந்துட்டாங்களே," என்றாள். "இருந்தா கேட்டுச் சொல்லியிருப்பேன்."

அவர் தலையாட்டினார். மகள் குனிந்த தலை நிமிரவில்லை.

அவள் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றிக்கொண்டாள். ஒரு வாய் சாப்பிட்டதும் எழுந்து உள்ளே போய் உப்பு ஜாடியை எடுத்து வந்தாள். ஒரு சிட்டிகை போட்டுக் கிழங்கோடு பிசைந்தாள். இப்போது சரியாக இருந்தது.