மடிக்க இரண்டு பேர்

இரட்டைக் கட்டில் விரிப்பை ஒரே ஆளால் மடிக்க முடியாது. மடித்தால் கசங்கும், விடுதிக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் எங்கள் லாண்டரியில் ஒரு பக்கத்தை நான் பிடிப்பேன், மறுபக்கத்தை அக்கா பிடிப்பாள். உதறி, இழுத்து, அவள் நாலு எட்டு நடந்து வந்து தன் முனைகளை என் கையில் சேர்ப்பாள். அந்த நேரத்தில் நான் எங்கும் ஓட முடியாது. அக்கா மதம் மாறியதிலிருந்து அது அவளுக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று.

எந்த மதம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்களும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். வயிறு நிறைந்தவன் ஏப்பம் விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்காமல், அடுத்தவன் வாயைத் திறந்து ஏன் ஊட்டப் பார்க்கிறான் என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம்.

"இந்த வாரமாவது பிரார்த்தனைக்கு என்கூட வாயேன்டா," என்றாள், முனைகளை என் கையில் வைத்தபடி.

"ஆள் சேத்தா கமிஷன் தர்றாங்களா?"

"சிரிக்காத."

அடுத்த விரிப்பை உதறினோம்.

"நான் உன்ன மாறச் சொல்றேனா? நீ மட்டும் ஏன்க்கா என் உயிர வாங்கற?"

வழக்கமாக, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பாள். அன்றைக்கு நடந்து வந்து என் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"செத்தப்புறம் அங்க நானும் அம்மாவும் இருப்போம். மாறாதவங்களுக்கு அங்க இடம் கிடையாது. நீ மட்டும் எங்கயோ தனியா கெடந்தா எங்களுக்கு மனசு ஆறுமாடா?"

நான் உருகியிருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது.

"அம்மா எப்படி அங்க இருப்பாங்க? நீ மாறுறதுக்கு முன்னாடியே போயிட்டாங்களே. இந்தச் சாமி பேரக்கூட அவங்க கேள்விப்பட்டதில்ல."

அக்கா அடுத்த விரிப்பின் முனைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். உதறினோம், இழுத்தோம். அவள் நடந்து வரவில்லை. அப்படியே நின்றாள்.

"அம்மாவப் பத்தி யாரும் சொல்லலியேடா," என்றாள். "நானும் கேக்கல."

அம்மா போன பிறகு அவள் மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பிரார்த்தனைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் சோறு இறங்கியது. செத்த பிறகு போகும் இடத்தில் அம்மா இருப்பாள் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டிருக்கிறாள். ஒரு வருடமாக அவள் பேச்சுக்கு என்னால் அசையாமல் இருக்க முடிந்தது. இப்போது அவள் அப்படி நின்றதைத் தாங்க முடியவில்லை.

இந்த முறை நான் நடந்தேன். என் முனைகளை அவள் கையில் சேர்த்தேன்.

"கெளம்பறப்ப சொல்லு. நானும் வரேன்."

நிமிர்ந்து பார்த்தாள். "நீயா? எதுக்கு?"

"அம்மாவுக்கு இடம் கேக்க."